போறணைக் கதவு ஆறும் வரைக்கும்

இல்ல முதலாளி, கிளறாதீங்க. அந்தக் கம்ப அங்கால வைங்க. மேல கை வச்சா ஆறினாப்போலதான் இரிக்கும், ஒரு சாண் உள்ளுக்குப் போனா தோல் கழண்டுரும். உமிச்சாம்பல் பொல்லாத சாமான். உங்கட பாண் சுடுற போறணைக் கதவு உள்ள பத்திரமா இரிக்கு, எங்கயும் ஓடிப் போகாது. நீங்க இந்த வாங்குல இரிங்க, ஃபேன உங்கட பக்கம் திருப்பி விடுறன். எவ்வளவு நேரம் எண்டு என்னக் கேட்டா? இப்ப மூணு மணித்தியாலம் ஆயித்து. இன்னும் நாலு, அஞ்சு எண்டாலும் வேணும். விடியிற வரைக்கும் வச்சா இன்னும் நல்லது. அத இரும்புதான் சொல்லணும், நான் சொல்லி அது ஆறாது.

ஓம் ஓம், கடிதம் இரிக்கு. தூசு படாம லாச்சிக்குள்ள வச்சிரிக்கன். வாசிச்சன். ஒரு தரம் இல்ல, மூணு தரம் வாசிச்சன். ஆரு டைப் அடிச்சது, உங்கட மகள் தனுஷியாவா? வடிவா அடிச்சிரிக்கா. கொதிநிலையிலிருந்த போறணைக் கதவின் மீது தண்ணீர் பட்டமையால் அது வெடித்தது, இது ஊழியரின் கவனயீனம் எண்டு. ஒரு எழுத்துப் பிழை இல்ல. கீழ என்ட பேரும் போட்டு, கையெழுத்துக்குக் கோடும் போட்டு வச்சிரிக்கா. வைக்கிறன் முதலாளி, வைக்கிறன். என்ன அவசரம்? நாளைக்குத்தானே மத்தியஸ்த சபை. வாவி கடக்க நாலு மணிப் பாதைக்குப் போனாக் காணும்தானே நீங்க? முதல்ல வேல முடியட்டும். கை எல்லாம் கரி.

மக்டலின்! முதலாளிக்குத் தேத்தண்ணி ஒண்டு கொண்டு வா புள்ள. சீனி குறைச்சி. ஓம், அவருக்குச் சீனி வருத்தம்.

கேட்டுதா இப்ப? ஒரு சத்தம்? இல்லையா? சரி. தகரம் வெயிலுக்கு மடங்குற சத்தமா இரிக்கும். நான் இப்பிடித்தான் முதலாளி, சாம்பலுக்குள்ள ஒண்ட வச்சா இரிக்க ஏலா, நிக்க ஏலா. மூணு தரம் சிகரட் எடுத்து மூணு தரமும் பத்த வைக்காம வச்சித்தன். வார்ப்பிரும்பு வேற இரும்பு மாதிரி இல்ல. வேற இரும்பு வளையும், நெளியும், சூட்டுக்கு இழுபடும், நாம என்ன செஞ்சாலும் பொறுத்துக்கொண்டு போகும். இது பொறுக்காது. ஒரு பக்கம் சூடு ஒரு பக்கம் குளிர் எண்டா உடனே கோபம் வந்துரும். வெளியில ஒண்டும் காட்டாது. உள்ளுக்குள்ள டிக் எண்டு ஒரே ஒரு சத்தம். நகத்தால சுண்டினாப்போல. அவ்வளவுதான், முடிஞ்சி. கண்ணுக்குத் தெரியாது, கையால தடவினாலும் தெரியாது. ஆனா கேட்டவனுக்குத் தெரியும்.

அதுக்குத்தான் இவ்வளவு பாடும். நீங்க காலையில பாத்தீங்கதானே. வெடிச்ச கோட்டுல ரெண்டு அந்தத்திலயும் துளை போட்டன், வெடிப்பு அங்கால ஓடாம. மறுகா கோட்ட V மாதிரிக் கிறைண்டர் பிடிச்சன். சிரட்டைக்கரி மூட்டி முழுக் கதவையும் சூடாக்கினன். மறுகாதான் நிக்கல் றொட்டால ஒட்டு. அதையும் ஒரே இழுவையா இழுக்க ஒண்ணா. ஒரு அங்குலம் ஒட்டுறது, சின்னச் சுத்தியலால தட்டுறது, பொறுக்கிறது. மறுகா ஒரு அங்குலம். எனக்குப் பொறுமை இல்ல எண்டு மக்டலின் சொல்லுவா, ஆனா இதுல எனக்குப் பொறுமை இரிக்கு. இரிந்தது. இரிக்கு.

உமிச்சாம்பல் மில்லுல இருந்து சூட்டோட அள்ளி வந்தது. பீப்பாய ரெண்டா வெட்டி, அடியில சாம்பல், கதவு, மேல சாம்பல், அதுக்கு மேல சாக்கு. ஒரு துளி ஈரம் இரிக்கக் கூடா. இப்பிடி வச்சா ஒரு நாள் எடுத்து மெல்ல மெல்ல ஆறும். பிள்ளைய நித்திரையாக்குற மாதிரித்தான். எழும்பித்தா எண்டு பாக்கப் போனா எழும்பிரும். அதுதான் உங்களக் கம்ப வைங்க எண்டு சொன்னன்.

என்ன? அண்டைக்கும் இப்பிடித்தான் செஞ்சதா? எண்டைக்கு? ஓ, நான் இத முதல் தரம் ஒட்டின நாள், மண்டூர்க் கோயில் கொடியேத்தத்துக்கு முதல் நாள். ஓம். இப்பிடித்தான். இதே பீப்பாய்தான்.

வா புள்ள, இஞ்ச வை. முதலாளி, குடிங்க. பாத்தீங்களா, வச்சித்துத் திரும்பிப் பாக்காமப் போறத? கதைக்கிறல்ல. ரெண்டு மாசமா வீட்டுல ஓம், இல்ல, சோறு வச்சிரிக்கு, இவ்வளவுதான் கதை. கலியாணம் கட்டி இருவத்தாறு வருசம், சண்டை பிடிச்சா சட்டி பறக்குற வீடு இது. சட்டி பறந்தாலும் எனக்குப் பயமில்ல. இந்தச் சும்மா இரிக்கிறதுதான் பயம். என்ன சண்டையா? சண்டை எண்டு ஒண்டும் இல்ல. குடிங்க, ஆறிப் போயிரும்.

உங்கட கதவுக்கு என்ன வயசு எண்டு நினைக்கிறீங்க? உங்கட அப்பா பேக்கரிய வாங்கக்குள்ளயே போறணையும் கதவும் இரிந்தது எண்டா, எழுபது எம்பது வருசம் வரும். இரும்ப வெட்டினாத் தெரியும், அந்தக் காலத்து வார்ப்பு. உள்ளுக்குச் சாம்பல் நிறம், சீனி மாதிரி மணி மணியா. இப்ப வாற சாமான்ல இது இல்ல. அண்டைக்குக் கதவு தொங்குற மேல் பிணைச்சல்ல கோடு விழுந்தது வயசுக்கு விழுந்த கோடு. அத நான் குறை சொல்ல மாட்டன். விறகுப் போறணை எண்டா நாளுக்கு ரெண்டு தரம் சூடேறும், ரெண்டு தரம் ஆறும். எம்பது வருசம். மனிசன்ட முதுகே வெடிச்சிரும்.

இந்தத் தரம் விழுந்த கோடுதான் வேற.

இல்ல, ஒண்டுமில்ல, சும்மா சொன்னன்.

சரி, உங்கட பேக்கரிப் பொடியன் ஜொய்சன்ட கதைய எடுத்துத்தீங்க. நான் என்ன சொல்லுறது? நீங்க சொல்லுறதும் ஞாயம்தான். போறணைக்குள்ள விறகு எரிச்சி, தணல வழிச்சிப்போட்டு, நனைச்ச சாக்கக் கம்புல கட்டிச் சூளைக்குள்ள விட்டுத் துடைக்கிறது எல்லா பேக்கரியிலயும் நடக்குற வேலதான். துடைச்சாத்தான் பாணுக்கு அடியில கரி ஒட்டாது. அந்த ஈரச்சாக்க இழுத்து எடுக்கக்குள்ள கதவுல பட்டிருக்கும் எண்டு நீங்க சொல்லுறீங்க. படலாம். பொடியன் அவசரத்துல சாக்கக் கதவு மேலயே போட்டிருப்பான் எண்டு சொல்லுறீங்க. போட்டிருக்கலாம். எனக்கென்ன தெரியும், நான் அங்க இரிக்கல்லதானே.

ஆனா முதலாளி, ஒண்டு கேக்கட்டா? கோவிக்க ஒண்ணா. அவன் உங்களிட்ட எத்தின வருசம்? பதினொண்டு. பதினொரு வருசமா நாளுக்கு ரெண்டு தரம் துடைச்சவன். கணக்குப் பாத்தா எட்டாயிரம் தரம். அண்டைக்கு மட்டும் கை பிசகித்தா? பிசகும், பிசகாது எண்டு நான் சொல்லல்ல. மனிசன்தானே. நேரத்துக்குச் செய்ய வேணும் எண்டு ஆராவது பிடரியில நிண்டா ஆருக்கும் பிசகும். உங்களச் சொல்லல்ல முதலாளி. பொதுவாச் சொன்னன்.

குடிச்சிரிந்தானா? ஆரு சொன்னது? சனம். சனம் சொல்லும். அவன் நத்தார்ப் பண்டிகைக்கே வாயில வைக்காதவன், நம்மட கோயில்ல பாட்டுக்குழுவுல நிக்கிறவன். இப்ப பாருங்க, களுவாஞ்சிக்குடியில ஒரு பேக்கரியில வேல கேட்டுப் போயிரிக்கான், குடிச்சித்துக் கதவ உடைச்சவன்தானே நீ எண்டு வாசல்லயே வச்சிக் கேட்டிரிக்காங்க. கிரான்ல கேட்டானாம், அங்கயும் அந்தக் கதைதான் அவனுக்கு முதல்ல போய் நிக்கிது. கதவு விழுந்த கையில கட்டு அவிழ்க்க முதல் ஊர் முழுக்கக் கதை போயித்து. வாவிய ஒரு கதை கடக்குறதுக்குப் பாதையும் தேவையில்ல, படகும் தேவையில்ல.

சபையில அவன் கேக்குறது காசு இல்லையாம். உண்மையா? நீங்களே சொல்லுறீங்க. வேலையத் திருப்பித் தாங்க, தர ஏலாட்டி என்னில பிழையில்ல எண்டு சபையில ஒரு சொல்லுச் சொல்லுங்க. இவ்வளவுதானா கேட்டிரிக்கான்? அதச் சொன்னா என்ன முதலாளி குறைஞ்சிரும்? ம். ம். விளங்குது. அவன்ல பிழையில்ல எண்டா அப்ப ஆரில பிழை எண்டு வரும். உங்களில வரும். பழைய கதவ வச்சி வேல வாங்கினீங்க எண்டு வரும். அது ஞாயம். ஆரிலயாவது வரத்தானே வேணும்.

பொறுங்க. ஒரு நிமிசம். கதைக்காதீங்க.

இல்ல. ஒண்டும் இல்ல. பக்கத்து வளவுல தேங்காய் உரிக்கிறாங்க.

நான் ஆசுபத்திரிக்குப் போய் அவனப் பாத்தனான் தெரியுமா? ஓம், கதவு விழுந்து மூண்டாம் நாள். தோடம்பழம் அரைக் கிலோ வாங்கித்துப் போனன். முப்பது கிலோக் கதவு, அதுவும் நெருப்பு மாதிரிக் கொதிச்ச கதவு, மேல் பிணைச்சல் விட்டுத் தொங்கி முன்கையில சாஞ்சிரிக்கு. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும். துணி மூடி வச்சிரிந்தாங்க, ஆனா மணம் இரிக்குதே. நான் வெல்டிங்காரன், முப்பது வருசமா எனக்குச் சூடு பழக்கம், என்ட கையிலயே எத்தின தழும்பு. அந்த மணத்துக்கு எனக்கு நிக்க ஏலாமப் போயித்து. அவன்ட பொஞ்சாதி றொசானி கதிரையத் தந்தா, இரிக்கல்ல. தோடம்பழத்த வச்சித்து, எப்பிடி மனெ எண்டன். வடிவா வரும் எண்டு டொக்டர் சொன்னவர் அண்ணன் எண்டான். என்ன நல்லாப் பாத்தான். நான் அஞ்சு நிமிசம் கூட நிக்கல்ல.

ஏன் எழும்பித்தீங்க? இரிங்க முதலாளி. இப்ப ஒண்டரை மணிதான். ஓம், நான்தான் நடந்துகொண்டு நிக்கிறன், நீங்க இரிங்க.

உங்களுக்கு ஒரு கதை சொல்லுறன். கரடியனாத்துல ஒரு மில். பேர் வேணாம். நெல் அவிக்கிற அடுப்புக்கு முன்தட்டு வெடிச்சித்து. அவங்க ஆரோ ஒருத்தன் கூப்பிட்டு ஒட்டிரிக்காங்க. அவன் சாதாரண றொட்டால இழுத்து ஒட்டி, கையோட மாட்டித்துப் போயித்தான். ஒரு கிழமை நிக்கல்ல. மறுகா என்னக் கூப்பிட்டாங்க. நான் போய்ப் பாத்த உடனே சொன்னன், ஒட்டினவனக் கூப்பிட்டு அவன்ட முகத்த எனக்கு ஒருக்காக் காட்டுங்க எண்டு. அப்பிடிச் சொன்னவன் நான். எல்லாரும் சிரிச்சாங்க. பிலிப்பு ஒட்டினா எம்பது வருசம் நிக்கும், மத்தவன் ஒட்டினா எட்டு நாள் எண்டு மில்காரர் சொல்ல, எனக்கு நெஞ்சு இவ்வளவு அகலம். அதுக்குப் பொறகு வேற ஒருத்தருக்கும் அந்தப் பக்கம் வேல இல்ல. கிரான், கரடியனாறு, மண்டூர், எங்க வார்ப்பு வெடிச்சாலும் சாக்குல கட்டி என்னட்டத்தான் வரும். அந்தப் பேரவிட எனக்கு என்ன இரிக்கு? வீடு அவட சீதனம். கராஜ் வாடகை. பேர் ஒண்டுதான் என்டது. அந்தப் பேர் போயித்து எண்டா அடுத்த நாள் இரும்புக் கேற்றும் அடுப்பும் ஒட்டத்தான் போகணும்.

இப்ப ஏன் இதச் சொல்லுறன் எண்டா... வெடிச்ச கோட்டப் பாத்தா எனக்குத் தெரியும் முதலாளி. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முகம் இரிக்கு. வயசுக்கு விழுந்த கோடு வளைஞ்சி வளைஞ்சி, நிண்டு நிண்டு போகும். அடிபட்டு விழுந்தது நட்சத்திரம் மாதிரிப் பிரியும். ஈரச்சாக்கு பட்டு வெடிச்சா முகப்புல வெடிக்கும், அகலமான இடத்துல, நடுவுல. காலையில நீங்க கதவ ஓட்டோவில இருந்து இறக்கின உடனே நான் குனிஞ்சி பாத்தன்தானே? நீங்க ஃபோன்ல நிண்டீங்க. முகப்புல ஒரு கீறல் இல்ல. நடுவுல ஒண்டும் இல்ல. கோடு ஓடினது மேல் பிணைச்சல்ல, ஒட்டு முடியுற ஓரத்துல. ஒட்டுப் பக்கத்தோட ஒட்டிக்கொண்டு, நூல் பிடிச்ச மாதிரி.

ஆரு ஒட்டினதா? நான்தான் ஒட்டினது. எனக்கும் தெரியும் அது.

நீங்க அண்டைக்கு எனக்கு எத்தின ஃபோன் கோல் எடுத்தீங்க எண்டு ஞாபகமா? ஒம்பது. ஃபோன்ல இன்னும் இரிக்கு, நான் அழிக்கல்ல. கோபமாச் சொல்லல்ல முதலாளி. அண்டைய நாள் அப்பிடி. விடிஞ்சாக் கொடியேத்தம், எங்கெங்கயோ இருந்து சனம், முருகனுக்கு நேர்த்திக்கடன் வைச்சி நடந்து வாற சனம் வேற, எல்லாருக்கும் பாண் வேணும், பணிஸ் வேணும். போறணைக்குக் கதவில்ல. உங்களுக்கு இரிந்த அந்தரம் எனக்கு விளங்கும். கதவ ஒட்டி முடிச்சிச் சாம்பலுக்குள்ள வைக்கவே பின்னேரம் நாலரை. நீங்க அஞ்சுக்கு எடுத்தீங்க, அஞ்சேகாலுக்கு எடுத்தீங்க. பிலிப்பு, கடைசிப் பாதை போயித்து எண்டா என்ட வருசத்து வியாபாரம் போயித்து எண்டீங்க. நான் ஓம் முதலாளி, கொண்டு வாறன் முதலாளி எண்டன். ஒரு நாள் ஆற வேணும் எண்டு நான் உங்களுக்குச் சொல்லிரிக்க வேணும். சொல்லல்ல. பிலிப்புவால ஏலாது எண்டு ஒரு சொல்லு என்ட வாயில வரல்ல. அவ்வளவுதான் என்ட குற்றத்துக்குத் தொடக்கம்.

ஒரு மணித்தியாலம். சாம்பலுக்குள்ள ஒரே ஒரு மணித்தியாலம்தான் வச்சன். மக்டலின் அதுல நிண்டவ. இது இன்னும் கொதிக்கிது, இதத் தூக்குறீங்களா எண்டா. கொறட்டால பிடிச்சித் தூக்கி ரெண்டு சாக்குல சுத்தி, மோட்டச்சைக்கிள் கரியர்ல கட்டினன். துறைக்குப் போக அஞ்சு நிமிசம். போகப் போகப் பின்னால சாக்குப் புகையுது. துறையில சனம் எண்டா அப்பிடிச் சனம், கோயிலுக்குப் போற சனம், பிள்ளைகள், காவடி. பாதை எண்டது என்ன, ரெண்டு படகுக்கு மேல பலகை. அதுல ஏற்கனவே பத்துப் பதினஞ்சி மோட்டச்சைக்கிள். ஒருத்தன் பெற்றோல் கான் ஒண்டும் வச்சிரிந்தான். பாதைக்காரர் புகையைக் கண்டார், கையக் காட்டினார். அண்ணன், இத ஏத்த ஏலாது, தீ வச்சித்துப் போறீங்களா எண்டார். அவரில ஒரு பிழையும் இல்ல. நான் எண்டாலும் ஏத்திரிக்க மாட்டன். பாதைக் கயித்த அவிழ்க்கத் தொடங்கித்தாங்க. உங்கட ஏழாவது கோல் அப்பத்தான் வருது.

நான் கரியர்ல இருந்து சாக்கோட அவிழ்த்தன். துறைப் படியில இறங்கினன். கயித்துல கட்டி வாவிக்குள்ள விட்டன்.

ஓம். கதவத்தான்.

அவ்வளவு சனம் நிண்டு பாத்தது. சுர்ர்ர் எண்டு ஒரு சத்தம், ஆவி என்ட முகத்துல அடிச்சிது, ஒரு பிள்ளை கை தட்டிச் சிரிச்சிது. ஒரு நிமிசம் கூட இல்ல. அந்த இரைச்சலுக்குள்ள, அவ்வளவு சனம் கதைக்கிற சத்தத்துக்குள்ள, எனக்கு டிக் எண்டு கேட்டது முதலாளி. கயித்தப் பிடிச்ச கையில கேட்டது. நான் முப்பது வருசம் இந்த இரும்போட கிடக்கிறவன், எனக்குக் கேக்காமப் போகுமா? கேக்கல்ல எண்டு எனக்கு நானே சொன்னன். தூக்கினன், தடவினன், ஒண்டும் தெரியல்ல. பாருங்க அண்ணன், இப்ப புகையல்லதானே எண்டு பாதைக்காரருக்குச் சொல்லித்து ஏறினன். வாவி முழுக்க நல்ல காத்து, எல்லாரும் அரோகரா சொல்லுறாங்க, நான் பொதியில கைய வச்சிக்கொண்டு நிக்கிறன்.

கோவிலுக்கு வந்த சனத்துக்கெல்லாம் பாண் குடுத்தீங்க நீங்க. மூணு நாள் கழிச்சி என்னக் கூப்பிட்டு, பிலிப்பு இல்லாட்டி நான் என்ன செஞ்சிரிப்பன் எண்டு உங்கட கடை வாசல்ல வச்சிச் சொன்னீங்க. நான் சிரிச்சித்து நிண்டன். அதுக்கு எட்டு நாள் கழிச்சித்தான் கதவு விழுந்தது.

இல்ல, நீங்க சொல்லாதீங்க, ஒண்டும் சொல்லாதீங்க. உங்கட ஒம்பது கோலும் காரணமில்ல. நீங்க பாண்காரர், உங்களுக்கு இரும்பத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் செய்யிறதுக்குப் பேர் கவனயீனமும் இல்ல, வேற ஏதோ. அத அடிக்க தனுஷியாவுக்கு என்ன சொல்லுக் குடுக்கிறது எண்டு எனக்கு இன்னும் தெரியல்ல.

மக்டலினுக்கு? அவளுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அவ சாம்பலுக்குள்ள இருந்து தூக்கினதக் கண்டவ. துறையில நடந்தத மீன் வாங்கப் போன இடத்துல கேட்டிரிப்பா. ஜொய்சன் விழுந்த செய்தி வந்த அண்டைக்கு அவ என்னப் பாத்தா, நான் சுவரப் பாத்தன். அண்டையில இருந்துதான் இந்தச் சும்மா.

ஓம், கடிதத்துல உள்ளது உண்மதான். கொதிச்ச கதவுல தண்ணி பட்டுத்தான் வெடிச்சது. அந்த வசனத்துல ஒரு பிழையும் இல்ல. நான் இத்தின நாளும் அதப் பிடிச்சிக்கொண்டுதான் நித்திரை கொள்ளப் பாத்தன். பொய் சொல்லல்லத்தானே, தண்ணிதானே, கையெழுத்து வைச்சா என்ன எண்டு. காலையில கூட வைப்பம் எண்டுதான் எழும்பினன். மறுகா நீங்க கதவ இறக்கினீங்க, அந்தக் கோட்டக் கண்டன். என்ட கையால போட்ட ஒட்டுக்குப் பக்கத்துல என்ட கையெழுத்து ஏற்கனவே கிடக்குது.

கோபம் எண்டா ஏசுங்க முதலாளி. மண்டூர் முழுக்கச் சொல்லுங்க, கரடியனாத்துக்கும் சொல்லுங்க. கதவுக்கு நான் கூலி வாங்க மாட்டன், அத விடுங்க, அது பெரிய விசயமில்ல. சாம்பலுக்குள்ள இரிக்கட்டும், நாளைக்கு முழுக்க இரிக்கட்டும். இந்தத் தரம் நீங்க தொண்ணூறு கோல் எடுத்தாலும் ஆறும் வரைக்கும் நான் தொட மாட்டன். அதுவரைக்கும் இந்த ரெண்டு மாசமும் போட்ட மாதிரித் தகரத்த வச்சிப் பாண் போடுங்க. கொஞ்சம் கருகும்.

ஜொய்சனுக்கு எப்பிடித் தெரியாம இரிக்கும்? நீங்களே யோசிச்சிப் பாருங்க. அண்டைக்கு மண்டூர்த் துறைக்கு ஓட்டோவோட ஆர அனுப்பினீங்க கதவ எடுக்க? அவனத்தானே. அவன்தான் இறக்கினான். சாக்குல கைய வச்சித்து, அண்ணன், இதென்ன, சூடும் இரிக்குது ஈரமும் இரிக்குது எண்டு கேட்டான். வாவித் தண்ணி தெறிச்சித்து மனெ, கெதியாப் போ, முதலாளி பாத்துக்கொண்டு நிக்கிறார் எண்டன் நான். அவன் பேக்கரிக்காரன், பதினொரு வருசம் அந்தக் கதவோட நிண்டவன். அப்ப விளங்காட்டியும் ஆசுபத்திரியில படுத்திரிந்து யோசிச்சிரிப்பான். நீங்க தண்ணி, தண்ணி எண்டு அவனுக்கு ஏசக்குள்ள எல்லாம் விளங்கியிரிக்கும். ஒரு சொல்லு, பிலிப்பண்ணன் நனைச்சித்துத்தான் கொண்டு வந்தவர் எண்டு ஒரே ஒரு சொல்லு சொன்னா அவன் தப்பியிரிப்பான். உங்களுக்குச் சொன்னானா? சொல்லல்ல. பொஞ்சாதிக்கும் சொல்லல்ல போல, சொல்லிரிந்தா அவ எனக்குக் கதிரை தந்திரிக்க மாட்டா. ரெண்டு மாசமா அந்தக் கையோட ஒவ்வொரு பேக்கரி வாசலா நிக்கிறான், என்ட பேர ஒரு இடத்திலயும் எடுக்கல்ல. நானே வந்து சொல்லுவன் எண்டு நம்பிக்கொண்டு இரிக்கான் முதலாளி.

சபை எத்தின மணிக்கு, ஒம்பதுக்கா? பள்ளிக்கூடத்துலதானே. நானும் வாறன். அவன்ட பக்கத்துல ஒரு இடம் இரிக்கும், அதுல இரிக்கிறன்.